விசேட தேவையுள்ளவரோடு தீம் பார்க்: பாரிசா, லண்டனா, சென்னையா, இயக்கச்சியா?

வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரும்போதும், ஊரில் உள்ளவர்களுக்கு விசா கிடைக்கும்போதும் ஒரு பேச்சு கட்டாயம் எழும்: "பிள்ளையளை ஒருக்கா டிஸ்னிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்." வீட்டில் ஓட்டிசம் உள்ள பிள்ளையோ, ஜெய்ப்பூர் செயற்கைக் கால் போட்ட தகப்பனோ, சக்கர நாற்காலியில் அம்மம்மாவோ இருந்தால் அந்தப் பேச்சு பாதியில் நின்றுவிடும். "அவரை வீட்டில விட்டிட்டுப் போவம்" என்று யாராவது சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் அந்த "அவர்"தான்.

அவரையும் கூட்டிக்கொண்டுதான் போவது என்று முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் முன்னால் உண்மையில் இருக்கும் தெரிவுகள் இவ்வளவுதான். பாரிசிலோ லண்டனிலோ உறவுகள் இருந்து விசாவும் கிடைத்தால் அங்குள்ள பூங்காக்கள். காசும் துணிவும் கூட இருந்தால் அமெரிக்கா. பலாலியில் விமானம் ஏறினால் சென்னை. ஒன்றும் சரிவராவிட்டால் இங்கேயே ஒரு நாள். எந்தப் பூங்காவில் ரோலர் கோஸ்ரர் உயரம் என்பதை விட்டுவிடுகிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எது ஏலும், எது ஏலாது என்று, நாங்கள் வாசலுக்குப் போகுமுன்பே அந்தப் பூங்கா சொல்லுகிறதா? லட்சக்கணக்கில் செலவழித்துப் போய், வரிசையின் முடிவில் நின்றுகொண்டு "சொறி, இவர் ஏற ஏலாது" என்று கேட்பதைப் போல வெறுப்பு வேறில்லை. பிள்ளைக்கு அதை விளங்கப்படுத்துவது இன்னும் பாடு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு" என்று ஒரு பூங்கா எழுதினால் அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கலாம். வரிசையில் நிற்க முடியாதவருக்குச் செய்வது ஒன்று. படி ஏற முடியாதவருக்குச் செய்வது இன்னொன்று. ரைட்டில் உட்கார்ந்தபின் உடம்பைத் தாங்கிப் பிடிக்க முடியாதவருக்குச் செய்வது மூன்றாவது. ஓட்டிசம் உள்ள பிள்ளை ஓடும், பாயும், ஏறும். ஆனால் கூட்டத்துக்குள் ஒரு மணித்தியாலம் நிற்காது. அம்மம்மா எவ்வளவு நேரமும் காத்திருப்பார். நாலு படி வந்தால் அத்தோடு சரி. தொடையோடு கால் இழந்தவருக்கு வரிசையும் பிரச்சினையில்லை, படியும் எப்படியோ சமாளிப்பார், இருக்கையில்தான் ஆபத்து. மூவருக்கும் ஒரே பூங்கா நல்ல பூங்காவாக இருக்காது. உங்கள் வீட்டில் உள்ளவர் யார் என்பதை வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

வரிசை

அதிகம் வாக்குவாதம் நடந்த இடம் அமெரிக்க டிஸ்னி. 2013 வரை அங்கே ஒரு அட்டை இருந்தது. அதைக் காட்டினால் வேறு வாசலால் விரைவாக உள்ளே போகலாம். அந்த வருடம், பணக்காரக் குடும்பங்கள் சக்கர நாற்காலியில் இருப்பவர்களை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு அமர்த்தி, அவர்களோடு சேர்ந்து வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் டிஸ்னி அந்த அட்டையை நிறுத்தி, டி.ஏ.எஸ். என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. இதில் காத்திருப்பு குறைவதில்லை. காத்திருக்கும் இடம்தான் மாறுகிறது. வரிசை ஒரு மணித்தியாலம் என்றால், ஒரு மணித்தியாலம் கழித்து வரச் சொல்லி நேரம் குறித்துத் தருவார்கள். அதுவரை நிழலில் இருக்கலாம், சாப்பிடலாம், பிள்ளையை அமைதியான இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

2024இல் அதையும் இறுக்கினார்கள். இப்போது இது முக்கியமாக ஓட்டிசம் போன்ற வளர்ச்சிசார் நிலைகளால் நீண்ட நேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு மட்டும். சக்கர நாற்காலியில் வருபவர் பொது வரிசையிலேயே போகலாம் என்பது அவர்களின் நிலைப்பாடு. பெரும்பாலான வரிசைகள் நாற்காலி போகும் அகலத்துக்குக் கட்டப்பட்டவைதான். விண்ணப்பிக்கும் முறைதான் எங்களுக்குச் சிக்கல். மருத்துவக் கடிதம் எதுவும் கேட்கமாட்டார்கள். பதிலாக வீடியோ அழைப்பில் வந்து, பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று வாயால் விளக்க வேண்டும், ஆங்கிலத்தில். பிள்ளையும் திரையில் இருக்க வேண்டும். எல்லாக் கடதாசியையும் கோப்பில் அடுக்கி வைத்திருக்கும் எங்கள் அம்மாமாருக்கு, "கடதாசி வேண்டாம், சொல்லுங்கோ" என்றால் வாய் வராது. கூடவே போகக்கூடியவர்கள் நெருங்கிய குடும்பத்தினர், அல்லது எல்லாமாக நாலு பேர். ஹயஸ் வான் நிறைய மாமா, மாமி, மச்சான்மார் என்று போகும் பழக்கம் அங்கே எடுபடாது.

ஒரு வழக்கையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஓட்டிசம் உள்ள இளைஞர் ஒருவரின் தாய் டிஸ்னி மேல் வழக்குப் போட்டார். தன் மகன் பூங்காவை ஒரே ஒழுங்கில்தான் சுற்றுவான், குறித்த நேரத்துக்குத் திரும்பி வரும் முறை அவனுக்கு ஒத்துவராது என்பது அவர் வாதம். 2020இல் புளோரிடா சமஷ்டி நீதிமன்றம் டிஸ்னியின் பக்கம் தீர்ப்பளித்தது. உங்கள் பிள்ளையும் ஒரே ராட்டினத்தில் பத்துத் தரம் ஏறவேணும், அதுவும் உடனே ஏறவேணும் என்று நிற்கிறவன் என்றால், நேரம் குறித்துத் தரும் எந்த முறையும் அரைகுறையாகத்தான் உதவும். நல்லது ஒன்று உண்டு: அந்த வீடியோ அழைப்பைப் பயணத்துக்கு முன்பே முடிக்கலாம். அனுமதி கிடைக்காது என்றால் வீட்டில் இருக்கும்போதே அந்த "இல்லை" வந்துவிடும்.

யூனிவர்சல் ஒர்லாண்டோ நேரெதிர். அங்கே கடதாசிதான் பேசும். ஐ.பி.சி.சி.ஈ.எஸ். என்ற வெளி அமைப்பின் இணையத்தளத்தில் படத்தையும் மருத்துவக் கடிதத்தையும் ஏற்றி, இலவச அட்டை ஒன்றுக்குப் பதிய வேண்டும். போவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது இதைச் செய்ய வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரிகளில் டொக்டர்மார் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் மொழிபெயர்ப்புச் செலவும் இல்லை. அமெரிக்காவுக்கே போகிறவர் டிஸ்னியா யூனிவர்சலா என்று கேட்டால், பேச்சில் கெட்டிக்காரர் டிஸ்னிக்கும், கோப்பில் கெட்டிக்காரர் யூனிவர்சலுக்கும் போகட்டும் என்பேன்.

பாரிஸ் டிஸ்னிலாண்ட் 1992இல் திறந்தது. பாரிசில் எங்கள் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து ரயிலிலேயே போய்விடலாம். அங்கேயும் கடதாசிதான்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது மருத்துவச் சான்றைக் காட்டி, முன்னுரிமை அட்டை எடுக்கலாம். அட்டைக்காரரோடு நாலு பேர் வரை போகலாம். சில ரைட்டுகளில் தனி வாசலால் நேரே விடுவார்கள், கூட்டமானவற்றில் நேரம் குறித்துத் தருவார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு இதில் ஒரு வசதி, வயதான அம்மம்மாவும் ஓட்டிசம் உள்ள பேரனும் இரண்டு பேருமே இந்த முறைக்குள் வரலாம். புளோரிடாவைப்போல வளர்ச்சிசார் நிலை என்ற ஒரு கதவு மட்டும் இல்லை. சான்றைப் பயணத்துக்குக் கிட்டிய திகதியில், டொக்டரின் கையொப்பமும் முத்திரையும் தெளிவாக இருக்கும்படி எடுங்கள். பத்து வருடத்துக்கு முந்திய கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று கையில் இருந்தால் கவுண்டரில் நேரம் மிஞ்சும். பாரிசில் மொழிபெயர்க்க ஆள் தேடுவது எங்கள் ஆட்களுக்குக் கஷ்டமே இல்லை.

பாரிசில் கண்டிப்பும் உண்டு. அவசரத்தில் வெளியேற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதை வைத்துத்தான் அங்கே ஒவ்வொரு ரைட்டின் விதியும் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சிலவற்றில் ஒரே நேரத்தில் குறித்த எண்ணிக்கையான மாற்றுத்திறனாளிகளைத்தான் ஏற்றுவார்கள். சிலவற்றில் தானாக நடந்து இறங்கக்கூடியவராக இருக்க வேண்டும். வளர்ந்த துணை ஒருவர் இல்லாமல் விடமாட்டார்கள். முன்னுரிமை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டும் காத்திருக்க நேரும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது நம்பிக்கையைத்தான் தருகிறது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

லண்டனைச் சுற்றியுள்ள லெகோலாண்ட் விண்ட்சர், செசிங்ரன், தோர்ப் பார்க் மூன்றும் மேர்லின் நிறுவனத்துடையவை. வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கான அவர்களின் அனுமதி, நிம்பஸ் என்ற அமைப்பு வழங்கும் அணுகல் அட்டையோடு பிணைந்தது. அந்த அட்டையில் எனக்குப் பிடித்தது, அதில் நோயின் பெயர் இருக்காது. நின்று காத்திருக்கக் கஷ்டம், துணை ஒருவர் அவசியம், அவசரமாக மலசலகூடம் தேவைப்படும் என்பவை சின்னச் சின்னக் குறிகளாக மட்டும் இருக்கும். வாசலில் நிற்கும் பெடியனிடம் "என்ர பிள்ளைக்கு இன்ன வருத்தம்" என்று கதை சொல்லத் தேவையில்லை. கவனித்துக்கொள்ளும் துணைக்கு இலவச நுழைவும் உண்டு, அது பெரிய காசு. இங்கேயும் காத்திருப்பு முற்றாக நீங்காது. வரிசையின் நேரத்தை எப்படியோ கழித்தால்தான் அடுத்த ரைட்.

சிக்கல் என்னவென்றால் விண்ணப்பித்து, ஆவணம் ஏற்றி, அவர்கள் ஆராய்ந்து முடிக்க நாள் எடுக்கும். இரண்டு கிழமை விசிட்டில் போகிறவர் லண்டனில் இறங்கியபின் தொடங்கினால் அட்டை வரும்போது அவர் கட்டுநாயக்காவில் நிற்பார். லண்டன் என்றால் இங்கிருந்தே தொடங்க வேண்டும். அங்கேயே வாழும் பிள்ளைக்கு என்றால் யோசிக்கவே தேவையில்லை, அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொள்வது எல்லா இடத்துக்கும் உதவும்.

இவ்வளவு கடதாசியும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதைப் பலர் கேட்பதே இல்லை. தகப்பன் மூத்த பிள்ளையோடு வரிசையில் நின்று ஏறிவிட்டு வர, வெளியே சின்னவனோடு நின்ற தாய் மறுபடி முழு வரிசையும் நிற்காமல் அடுத்ததாக ஏறலாம். டிஸ்னி, யூனிவர்சல், மேர்லின் மூன்றிலுமே ஏதோ ஒரு பெயரில் இது உண்டு. சின்னப் பிள்ளைகள் உள்ள எல்லோருக்குமான ஏற்பாடு இது, எந்தச் சான்றும் கேட்பதில்லை. அம்மம்மா ஏறப்போவதே இல்லை, ஆள்மாறி ஆள் அவரோடு நின்றால் போதும் என்ற வீடுகளும் வாசலில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இருக்கை

வரிசையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இருக்கையைப் பற்றித்தான் எங்கள் ஊர் முக்கியமாகப் பேச வேண்டும், ஏனென்றால் யுத்தத்தில் கால் இழந்தவர்கள் இல்லாத ஊர் வடக்கில் இல்லை. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் இருந்து செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. அந்தக் காலோடு சைக்கிள் ஓடுகிறார்கள், தோட்டம் கொத்துகிறார்கள், மோட்டார் சைக்கிளும் ஓடுகிறார்கள். ஆகவே "ரோலர் கோஸ்ரரில் ஏன் ஏறக்கூடாது?" என்பது நியாயமான கேள்விபோலத் தெரியும்.

2011 யூலையில் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்துப் பூங்கா ஒன்றில், ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்த முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் ரோலர் கோஸ்ரரில் ஏறினார். அந்த ரைட்டில் ஆளைப் பிடித்து வைத்திருப்பது மடிமேல் இறங்கும் கம்பியும் முழங்காலுக்குக் கீழே தாங்கும் பகுதியும். அவருக்கு அந்தக் கம்பி பிடிக்கத் தொடையே போதியதாக இருக்கவில்லை. ஓடும்போது தூக்கி எறியப்பட்டு இறந்தார். இரண்டு கால்களும் இருக்க வேண்டும் என்பது அந்த ரைட்டின் எழுதப்பட்ட விதி. ஏற்றிவிட்ட பணியாளர்கள் விதியைப் பார்க்கவில்லை. நாட்டுக்காகக் காலைக் கொடுத்த மனிதரிடம் எப்படி "ஏலாது" என்று சொல்வது என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

பாரிசின் கண்டிப்பு எனக்கு நம்பிக்கை தருகிறது என்று சொன்னது இதனால்தான். எங்கள் பக்கம் "அண்ணை, பாவம், ஒருக்கா ஏத்திவிடுங்கோ" என்றால் ஏற்றிவிடுவார்கள். வாசலில் அந்த இரக்கம் நல்லதுதான், வரிசையிலும் நல்லது, இருக்கையில் அது ஆளைக் கொல்லும். முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர், இடுப்புக்கு மேல் உடம்பை நிமிர்த்தி வைத்திருக்க முடியாதவர், ஒரு கையால் கம்பியைப் பிடிக்க முடியாதவர் ஆகியோர் வேகமாகத் தலைகீழாகப் போகும் எதையும் கேட்காமலே விட்டுவிடுவது நல்லது. முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் என்றால், ரைட்டுக்கு ரைட் விதி மாறும். காலைக் கழற்றி வைக்கச் சொல்வார்களா, கட்டி இறுக்கச் சொல்வார்களா என்று முன்பே கேட்க வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு உறுதியில்லாமல் இருக்கும். உலுக்கும் ரைட்டுகளுக்கு முன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வலிப்பு உள்ளவருக்கு வெட்டி வெட்டி அடிக்கும் வெளிச்சம் உள்ள இருட்டு ரைட்டுகள் வேண்டாம்.

நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறுவது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் 2012 மார்ச்சுக்குப் பின் கட்டப்பட்ட ரைட்டுகளுக்குச் சட்டமே உண்டு: நாற்காலியோடு ஏறும் இடம், மாறி உட்கார ஏதுவான இருக்கை, மாற்றி உட்காரவைக்கும் கருவி, இந்த மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். புளோரிடா டிஸ்னியின் "இட்ஸ் அ ஸ்மோல் வேர்ல்ட்" படகில் நாற்காலியோடே ஏறலாம். மற்றவற்றில் பெரும்பாலும் தானாக மாற வேண்டும், அல்லது கூட வந்தவர் தூக்கி வைக்க வேண்டும், பணியாளர்கள் தூக்கமாட்டார்கள். அம்மம்மாவைத் தூக்கக்கூடிய ஆள் கூட்டத்தில் இருக்கிறாரா என்பதை ரிக்கெற் எடுக்க முன் யோசியுங்கள். தூக்கப்படுவதை அம்மம்மா விரும்புகிறாரா என்பதையும்.

மூன்று வகையினருக்கும் ஒருங்கே கட்டப்பட்ட பூங்கா ஒன்று உலகத்தில் இருக்கிறது: ரெக்ஸாஸ் மாநிலம் சான் அன்ரோனியோவில் 2010இல் திறந்த மோர்கன்ஸ் வொண்டர்லாண்ட். நாற்காலியோடே ஆடும் ஊஞ்சல், நாற்காலியோடே ஏறும் குடை ராட்டினம், பக்கத்திலேயே 2017இல் வந்த தண்ணீர்ப் பூங்கா. தண்ணீருக்குள் மின்கலம் வைக்க முடியாதே என்று, அழுத்தக் காற்றில் ஓடும் சக்கர நாற்காலிகளைச் செய்வித்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். யாழ்ப்பாணத்திலிருந்து அதற்காக மட்டும் போகச் சொல்லமாட்டேன். ரெக்ஸாஸில் உறவு இருந்தால் டிஸ்னியை மறந்துவிட்டு அங்கே போங்கள்.

சென்னை

பலாலியிலிருந்து சென்னைக்கு அலையன்ஸ் எயார் ஓடுகிறது. 2024 செப்ரெம்பரில் இருந்து இண்டிகோவும் வந்துவிட்டது. இந்திய துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. பேசுவது தமிழ். செலவு ஐரோப்பாவின் சிறு பங்கு. சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று விமான நிறுவனத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன் அறிவியுங்கள். மின்கல நாற்காலி என்றால் மின்கலத்தின் வகையையும் எழுதிக் கொடுங்கள். காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் இருக்கிறது. ஆனால் நாகையில் இறங்கி அரை நாளுக்கு மேல் தரைவழி போகவேண்டும் என்பதால் சென்னைக்குப் போகும் நோயாளிக்கோ முதியவருக்கோ அதை நான் சொல்லமாட்டேன்.

சென்னையைச் சுற்றியுள்ள பூங்காக்களில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., குவீன்ஸ்லாண்ட் ஆகியவை பழையவை. திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா 2025 டிசெம்பரில் திறந்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் இடங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அங்கே கேட்கும் அடையாள அட்டை இந்தியக் குடிமக்களுக்கானது, எங்களிடம் அது இருக்காது. சலுகை விலை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

வரிசைக்கு இங்கே வேறு வழி: வொண்டர்லாவில் ஃபாஸ்ட்ராக் என்று கூடிய விலை ரிக்கெற் உண்டு, அதை வைத்திருப்பவருக்குத் தனி வரிசை. யாரும் வாங்கலாம், சான்றும் வேண்டாம், வீடியோ அழைப்பும் வேண்டாம். காசுள்ளவன் முந்துகிறான் என்று கொள்கையளவில் எனக்கு இது பிடிக்காது. ஆனால் வரிசையில் நிற்காத ஒரு பிள்ளையின் தாய்க்கு இதுதான் அதிகம் உதவும் என்றும் தெரியும். கிழமை நாளில், பள்ளிக்கூட விடுமுறை இல்லாத நேரம் போனால் அதுவும் தேவைப்படாமல் போகலாம்.

படி ஏறாதவருக்குச் சென்னை கடினம். தண்ணீர்ச் சறுக்கு என்றால் உயரமான கோபுரத்துக்கு மாடிப்படிதான். அம்மம்மாவுக்குத் தண்ணீர் அலைக்குளத்தின் ஓரமும் நிழலும் கிடைக்கும், அவ்வளவே. அவருக்காக என்றால் நான் பூங்காவை விட்டு மெரினாவுக்குத்தான் கூட்டிப்போவேன். 2022 நவம்பரில் அங்கே மணலுக்கு மேலால் கடலுக்குக் கிட்டவரை மரப்பாதை போட்டார்கள், 263 மீற்றர் நீளம். அடுத்த மாதமே மாண்டூஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது; திருத்தித் திறந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அலையைக் கிட்டப் பார்ப்பதற்கு ரிக்கெற் இல்லை, வரிசை இல்லை.

காலநிலையையும் கணக்கில் எடுங்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடேறினால் இறங்காது. சித்திரை, வைகாசியில் சென்னைப் பூங்கா அவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து. மழைக்காலம் முடிந்த தை, மாசிதான் நல்லது.

இங்கேயே

கொழும்புப் பக்கம் அவிசாவளை வீதியில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ள் பே என்று தண்ணீர்ப் பூங்காக்கள் இருக்கின்றன. நானூறு கிலோமீற்றர் போய், மறுபடி மாடிப்படிச் சறுக்கைப் பார்க்கத்தான் வேண்டுமா என்பது என் கேள்வி. அந்த அலைச்சலுக்குப் பலாலியில் ஏறிவிடலாம்.

வடக்குக்குள் என்றால் இயக்கச்சியில், பளை தாண்டி ஆனையிறவுக்கு முன், றீச்ஷா பண்ணை இருக்கிறது. வான் பிடித்தால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மணித்தியாலம் அளவில் போகலாம். திறந்த வெளி, மிருகங்கள், மரநிழல், சாப்பாடு. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தமும் இருட்டும் வெளிச்சமும் நிறைந்த ரைட்டைவிட ஆட்டுக்குட்டியும் விரிந்த தரையும் பிடிக்கும் என்பது பல வீடுகளில் தெரிந்த விஷயம். கிழமை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். அதற்கும் முன் ஒரு பரீட்சையாக யாழ் நகரத்துச் சுப்பிரமணியம் பூங்காவுக்கு ஒரு பின்னேரம் போய்ப் பாருங்கள்: பிள்ளை எவ்வளவு நேரம் தாங்குகிறது, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறது, அம்மம்மாவின் நாற்காலி சரளைக் கல்லில் உருளுகிறதா என்பதெல்லாம் செலவில்லாமல் தெரிந்துவிடும். பாரிசுக்குக் கொண்டுபோகும் மருத்துவக் கடிதத்தில் டொக்டர் எழுத வேண்டிய விபரமே அதுதான்.

கசூரினாவும் சாட்டியும் ஆழம் குறைந்த, அலை குறைந்த கடல். ஆனால் நாற்காலிச் சக்கரம் மணலில் புதையும். மெரினாவில் போட்டதில் பத்தில் ஒரு பங்கு நீளத்துக்கு ஒரு பாதை போட்டாலே இங்கே எத்தனையோ பேர் கடலைத் தொடுவார்கள். இலங்கையில் சட்டம் இல்லாமலும் இல்லை: 1996இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2006இல் அணுகல் விதிகள், 2011இல் அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றக் கட்டளை. அந்த வழக்கைக் கொண்டுபோன கலாநிதி அஜித் பெரேரா தானே சக்கர நாற்காலியில் இருந்தவர். சாய்தளம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். எத்தனை அடி நீளம் என்று கேளுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டு படிக்கு நாலடிப் பலகை வைத்திருந்தால் அது மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கு.

முற்றவெளியில் இடைக்கிடை வரும் கார்ணிவலைப் பற்றியும் கேட்பார்கள். பார்க்கப் போகலாம், கச்சான் வாங்கலாம். சங்கிலி ஒன்றை மட்டும் கொழுவிச் சுற்றும் எதிலும் உடம்பைத் தாங்க முடியாதவரை ஏற்றாதீர்கள். அங்கே "ஏலாது" என்று சொல்ல ஆள் இல்லை, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

ஓட்டிசம் உள்ள பிள்ளை, விசாவும் உறவும் உண்டு என்றால் பாரிஸ். லண்டன் விசா என்றால் புறப்பட முன்பே அணுகல் அட்டையைத் தொடங்கிவிட்டு லெகோலாண்ட். இரண்டும் இல்லையென்றால் சென்னை, தையிலோ மாசியிலோ, கிழமை நாளில், கூடிய விலை ரிக்கெற்றோடு. பிள்ளை வெளியில் ஒரு நாள் முழுக்க இருந்து பழகவில்லை என்றால் இதில் எதுவும் வேண்டாம், இயக்கச்சியில் தொடங்குங்கள்.

சக்கர நாற்காலியில் முதியவர் என்றால் பாரிஸ் முதலாவது. லண்டன் கிட்டத்தட்ட அதே அளவு, அதுவும் வளர்ந்தவரைப் படுக்கவைத்து உடை மாற்ற மேசையும் ஆளைத் தூக்கும் கருவியும் உள்ள மலசலகூடங்கள் பிரித்தானியாவின் பெரிய பூங்காக்கள் சிலவற்றில் உண்டு என்பதால், முழுதாகப் பிறரில் தங்கியிருப்பவருக்கு லண்டனை முன்னால் வைப்பேன். சென்னைப் பூங்காக்கள் அவருக்குக் கடைசி. கால் இழந்தவருக்கு ஊர் முக்கியமில்லை. ரைட் ரைட்டாக விதியை எழுதி வெளியிட்டிருக்கும் பூங்கா எதுவோ அது. எழுதியிராத பூங்காவில் அவர் தரையில் ஓடும் ரயிலோடும் படகோடும் நிற்கட்டும்.

எங்கே போவதென்றாலும் பூங்காவுக்கு முதலில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "எங்களுக்கு வசதி உண்டா?" என்று எழுதினால் "உண்டு, வாருங்கள்" என்றுதான் பதில் வரும், அதனால் பயனில்லை. இவரால் நடக்கக்கூடிய தூரம் இவ்வளவு, நிற்கக்கூடிய நேரம் இவ்வளவு, படி ஏறுவார் அல்லது ஏறமாட்டார், கை இரண்டும் பிடிக்கும் அல்லது ஒன்றுதான் பிடிக்கும், நாற்காலியின் அகலம் இத்தனை சென்ரிமீற்றர் என்று எழுதி, இவர் ஏறக்கூடாத ரைட்டுகளின் பட்டியலைத் தாருங்கள் என்று கேளுங்கள். பட்டியல் வந்தால் ரிக்கெற்றை எடுங்கள். இரண்டு கிழமையில் பதிலே வராவிட்டால் அடுத்த பூங்காவுக்கு எழுதுங்கள். வந்த பதிலை அச்செடுத்து மருத்துவக் கடிதத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். வாசலில் நிற்பவர் புதியவராக இருந்தால் அதைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.